நாக்கில் படாத கறிச்சாந்து

போன மாதம் ஒரு நாள் காலையில், குற்றாலத்தில் புதிதாகத் திறந்திருக்கும் விடுதியில் சமையல் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு தகர டப்பா. அதன் மேல் தக்காளியும் கறியும் சிவக்கச் சிவக்கப் படம் போட்டிருந்தது.

"அண்ணாச்சி, இதத் தொறந்து சூடு பண்ணுனா போதுமாம். வெள்ளக்காரங்க மாவுல செஞ்ச நாடா மேல ஊத்திச் சாப்பிடுவாங்களாம். நீங்க அந்தக் காலத்துல இத ஒரு நாள் பூரா கிண்டுவியளாமே, நெசந்தானா?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஒரு நாள் பூரா இல்லப்பா. அஞ்சு மணி நேரம்" என்றேன்.

"ருசி எப்படி அண்ணாச்சி இருக்கும்?" என்று அடுத்தவர் கேட்டார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பதினோரு வருஷம் அநேகமாக வாரம் தவறாமல் அதைக் காய்ச்சி இறக்கியவன் நான். ருசி மட்டும் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே என் வீட்டுக்காரி செண்பகம் ஏதோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொன்னபோது விட்டுப்போன சிலதையும் சேர்த்திருக்கிறேன்.

என் முதல் தொழில் சமையல் இல்லை. பண்பொழிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் தைலம் காய்ச்சுகிறவனாக எட்டு வருஷம் இருந்தேன். அதை விரித்துச் சொன்னால் கதை இன்றைக்கு முடியாது. மூலிகை இடித்துச் சாறு பிழிய வேண்டும். மருந்துச் சரக்குகளை மை போல அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணெயோடும் பாலோடும் உருளியில் ஏற்றி, நீர் முழுக்கச் சுண்டும்வரை எழுந்திருக்காமல் கிண்ட வேண்டும். பதம் பார்க்க ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்து விளக்கில் காட்டுவோம். சடசடவென்று பொரிந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் நின்று எரிந்தால் இறக்கலாம். அப்புறம் துணியில் வடிகட்டி, முறுக்கிப் பிழிந்து, சக்கையைக் குழியில் கொட்டிவிட்டு எண்ணெயைக் குப்பியில் அடைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு அது வம்பாக வந்து சேர்ந்தது.

முப்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். ரயில் பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு பாலத்தடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு எங்கள் வைத்தியரிடம் வந்தார். மூன்று வாரம் எண்ணெய் வைத்தியம். கூட வந்த சம்சாரத்தின் பெயர் லூசியா. அந்த அம்மா இங்கிலாந்து இல்லை, இத்தாலி தேசம். புருஷன் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவுக்குப் பொழுது போக வேண்டாமா? தைலக் கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் கிண்டுவதையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது.

வைத்தியம் முடிந்த அன்று துரை என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "நாலு மணி நேரம் தீயை விட்டு எழுந்திருக்காத ஆளை என் பெண்டாட்டி இந்த ஊரில் இப்போதுதான் பார்த்தாளாம். எங்கள் வீட்டுச் சமையலுக்கு வருவாயா?" என்றார். வைத்தியரும் அப்போது கடையை ஏறக்கட்டி மகன் வீட்டுக்குப் போகிற யோசனையில் இருந்தார். எனக்கு வேறு வழி இல்லை.

வழி இல்லைதான். ஆனால் எங்கள் ஆய்க்குடி வீட்டில் மீன் வாசம்கூட ஏறியதில்லை. அப்படிப்பட்டவன் துரை பங்களாவில் கறி சமைக்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும்? செண்பகத்துக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் என்னை ஆய்க்குடி முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தொடுங்க, கழுவுங்க, கிண்டுங்க. வயித்துப் பாட்டுக்கு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாக்குல ஒரு சொட்டு படக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

சந்நிதியில் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே லூசியா அம்மாவிடம் அதைச் சொன்னேன். துரை மொழிபெயர்த்தார். அந்த அம்மா கோபப்படும் என்று நினைத்தேன்.  அதுவோ தன் நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுக் காட்டி, என் கையையும் சுட்டிக் காட்டியது. "நீ கை. நான் நாக்கு" என்றது. அதுதான் அந்த அம்மா முதன்முதலில் சொன்ன தமிழ் வாக்கியம் என்று துரை அப்புறம் சொன்னார்.

சீசன் மூன்று மாதமும் குற்றாலத்து பங்களா, மற்ற மாதங்களில் தென்காசி வீடு என்று எங்கள் பிழைப்பு ஓடியது. செண்பகமும் நானும் இரண்டு ஊரிலும் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பிடித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிச்சாந்து. அந்த அம்மா அதை 'ராகூ' என்று சொல்லும். கிரகத்தின் பெயரைச் சொல்லி அடுப்பு மூட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. கறிச்சாந்து என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அது செய்கிற விதத்தைச் சொல்கிறேன். வெங்காயம், காரட்டு, இன்னும் ஏதோ சீமைத் தண்டு ஒன்று, மூன்றையும் அரிசிக் குருணை அளவுக்குப் பொடியாக அரிய வேண்டும். அந்தத் தண்டு தென்காசிச் சந்தையில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. கொத்தமல்லித் தண்டைப் போட்டுச் சமாளித்தோம். வெண்ணெயில் அதை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு கத்தியால் கொத்திய வெள்ளாட்டுக் கறியைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஊரில் மாட்டுக்கறிதானாம். அதை நான் தொட மாட்டேன் என்று சொல்லாமலே அந்த அம்மா புரிந்துகொண்டது. கறியின் நீர் வற்றியதும் துரை அலமாரியிலிருந்து ஒரு கிளாஸ் ஒயின். அதுவும் வற்றியதும் பால். பால் ஊற்றியபோது எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் தைலத்துக்குச் செய்வதும் அதேதான். பிறகு தோலும் விதையும் நீக்கிப் பிழிந்த தக்காளி. கடைசியில் குற்றாலத்துத் தோட்டத்து ஜாதிக்காயை ஒரு உரசு.

அதற்கு மேல்தான் வேலையே. அஞ்சு மணி நேரம் சிறு தீ. விறகு அடுப்பில் அது நடக்காது. சாரல் மாதத்தில் விறகு ஈரமாக இருக்கும், புகையும், திடீரென்று பிடித்துக்கொள்ளும். நான் வைத்தியசாலை வழக்கப்படி உமி அடுப்பு போட்டேன். தகர டின் நடுவில் உலக்கையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கிக் கெட்டித்து, உலக்கையை உருவிவிட்டு அடியில் நெருப்பு வைத்தால், கூடாமல் குறையாமல் அஞ்சு மணி நேரம் நின்று கனலும். லூசியா அம்மா அந்த அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. அன்றிலிருந்து நான் கேட்டதற்கெல்லாம் சரிதான்.

அந்த அம்மாவின் நடைமுறை தனி. மேற்பார்வை என்று நின்றுகொண்டு அதட்டாது. அடுப்புப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, மடியில் பின்னல் வேலையை வைத்துக்கொண்டு, முதுகைச் சட்டிக்குக் காட்டி உட்கார்ந்துவிடும். பார்க்காது, கேட்கும். சட்டியில் ஒரு கொப்புளம் வந்து 'ப்ளக்' என்று உடைய வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது. இரண்டு சேர்ந்து வந்தால் திரும்பாமலே, "சிதம்பரம், சட்டி சண்டை போடுது" என்று சொல்லும். கோபம் வந்தால் மூன்று பாஷையில் திட்டும். தமிழில் மட்டும் மரியாதை குறையாது. "நீங்கள் ஒரு கழுதை" என்றுதான் வரும்.

உப்பு மட்டும் எனக்குப் பெரிய கவலை. ருசி பார்க்காதவன் உப்பை எப்படிப் போடுவது? வைத்தியர் எனக்குக் கொடுத்திருந்த சின்னத் தராசில் கறியையும் உப்பையும் நிறுத்துப் போடுவேன். அந்த அம்மா ருசி பார்த்து ஒரு கல் கூட்டினால் அடுத்த வாரம் நானும் அந்த ஒரு கல்லைக் கூட்டுவேன். இப்படியே அளவு நிலைத்துவிட்டது. இருந்தாலும் கடைசியில் அந்த நாக்கு ஒப்புதல் கொடுக்காமல் சட்டி இறங்காது.

சேர்ந்து இரண்டு மாதத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எல்லாவற்றையும் சட்டியில் கூட்டி உப்பும் பார்த்துவிட்டு, "எண்ணெய் பிரியும்வரை" என்று மட்டும் சொல்லிவிட்டு தென்காசி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டது. முதல் தடவையாகச் சட்டியும் நானும் தனியாக. எழுந்திருக்கவே இல்லை. எண்ணெய் சிவப்பாக, தெளிவாகப் பிரிந்து மேலே வந்தது. திரி நனைத்துக் கொளுத்தினேன். சத்தமே இல்லாமல் எரிந்தது. ஆகா, பதம் என்று இறக்கி, வெள்ளைத் துணியில் கொட்டி, கம்பு கொடுத்து முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து, எண்ணெயை ஒரு குப்பியில் அடைத்துத் தக்கை வைத்தேன். சக்கையை வாசல் நாய்களுக்குக் கொட்டினேன்.

அந்த அம்மா திரும்பி வந்ததும் குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். அது குப்பியைப் பார்த்தது. காலிச் சட்டியைப் பார்த்தது. ஜன்னல் வழியாக நாய்களைப் பார்த்தது. அவை மீசையை நக்கிக்கொண்டு படுத்திருந்தன. முகம் சிவந்துகொண்டே வந்தது. சரி, இன்றோடு ஆய்க்குடிக்கு நடைதான் என்று நினைத்தேன். திடீரென்று அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அன்று எல்லோருக்கும் ரொட்டியும் முட்டையும்தான். குப்பியைக் காவல்காரர் மாடசாமி கேட்டு வாங்கிக்கொண்டு போய் முழங்கால் வலிக்குத் தேய்த்தார். வலி போயிற்றோ இல்லையோ, மூன்று நாள் தென்காசி நாய்கள் எல்லாம் அவர் பின்னாலேயே நடந்தன.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சாரல் மாதத்தில் துரையின் தாயார் இங்கிலாந்திலிருந்து வந்தார். கொழும்புக்குக் கப்பலில் வந்து, தூத்துக்குடியில் இறங்கி, ரயில் ஏறி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பங்களாவுக்குள் நுழைந்தார். வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, மாமியார் மாமியார்தான். மகன் இத்தாலிக்காரியைக் கட்டிக்கொண்டது அவருக்கு ஆறவே இல்லை. வந்து எட்டு நாளாகியும் மருமகள் செய்த எதையும் அவர் தொடவில்லை. தட்டை ஒரு விரலால் தள்ளிவைப்பார். அவித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நடுவில் துரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்தக் கிழவியம்மா, "என் மகன் இந்த வீட்டில் எப்படி உயிரோடு இருக்கிறான் என்று புரியவில்லை. கொழும்பிலிருந்து நல்ல பட்லர் ஒருவனை அனுப்புகிறேன்" என்றார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். லூசியா அம்மா கரண்டியைக் கீழே வைத்தது. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அம்மா வீட்டுச் சமையலைச் செய்கிறேன். அதையும் நீங்கள் தள்ளிவைத்தால் உங்கள் பட்லரே வரட்டும். நான் இனிமேல் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டேன்" என்று சொன்னது.  திங்கட்கிழமை கிழவியம்மாவுக்குக் கப்பல்.

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய் இதைச் செண்பகத்திடம் சொன்னேன். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எட்டு நாளா ஒரு வாய்கூடத் திங்கலியா? அந்த அம்மா ஒத்தேலே எங்கனயோ இருந்து வந்து கெடக்கு, பாவம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை லூசியா அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. டாக்டர் கொயினா மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் போனபோது, படுக்கையிலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, "நீ கை" என்றது. அப்புறம் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டியது. கொயினா தின்ற நாக்குக்குத் தண்ணீரும் கசந்தது. நாக்கு இல்லாமல் நான் மட்டும் என்ன செய்ய?

இருந்தாலும் தொடங்கினேன். அளவு தெரியும், அடுப்பு என்னுடையது, காது பழகிவிட்டது. கடைசியில் நிறுத்து வைத்த உப்பைப் போட வேண்டியதுதான். துரை தாயாரைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் மலையைக் காட்டப் போயிருந்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு. பத்து மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முட்டையும் மைதா மாவும் பிசைந்து நாடா நாடாவாக அறுத்து, சாரலில் காயாது என்பதால் உமி அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இரண்டாவது அடுப்புக்கு உமி கெட்டிக்கப் பின்கட்டுக்குப் போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்து பார்த்தால் சட்டியின் மூடி சாய்ந்திருக்கிறது. கரண்டி ஈரமாக இருக்கிறது. உப்புச் சாடி திறந்து கிடக்கிறது.

வீட்டு வேலை பார்க்கும் ஞானம்மாள் ஆச்சியிடம் ஓடினேன். "அம்மா கம்பளியச் சுத்திக்கிட்டு எந்திரிச்சி வந்தா தம்பி. அடுப்புப் பக்கத்துல நின்னா. என்ன செஞ்சான்னு நான் பாக்கல. திரும்பப் போயி விழுந்துட்டா" என்றாள்.

அம்மாவிடம் போய், "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டேன். கண் பாதி திறந்து, "போட்டேன்… நேற்று போட்டேன்… அம்மா போட்டாள்" என்றது. எந்த அம்மா, எந்த ஊரில், எந்த வருஷம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

தராசை எடுத்துச் சாடியில் இருந்த உப்பை நிறுத்தேன். குறைந்திருந்தால் கணக்குத் தெரிந்துவிடுமே. காலையில் நான் நிறுத்தபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தது! சாரலில் கல்லுப்பு வேர்த்து ஈரம் குடித்துக் கனத்துக் கிடந்தது. பண்பொழியில் எட்டு வருஷம் என்னைக் கைவிடாத தராசு அன்றைக்கு என்னைப் பார்த்து ஆடியது.

மாடசாமியைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். சப்புக்கொட்டிவிட்டு, "உப்பே இல்லவே. உறைப்பும் இல்ல. நாலு வத்தலக் கிள்ளிப் போடும்" என்றார். மூன்று வேளையும் கருவாடு தின்கிறவருக்கு எதில்தான் உப்பு இருக்கும்? ஞானம்மாள் ஆச்சிக்கு ஒரு சொட்டு. "யாத்தே, உப்புக் கரிக்கு தம்பி! கொஞ்சம் புளி விட்டா முறியும்" என்றாள். ஆச்சிக்குக் கால் வீக்கத்துக்கு ஆறு மாதமாக உப்பில்லாப் பத்தியம். வெறும் சோறே அவளுக்குக் கரிக்கும். துரை இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. எதை வைத்தாலும் வாயில் போடுமுன் உப்பைத் தூவுகிற மனுஷர் அவர்.

உப்பைப் போட்டால், ஏற்கெனவே போட்டிருந்தால், வாயில் வைக்க முடியாது. போடாவிட்டால், போடப்படாமல் இருந்தால், சப்பென்று இருக்கும். எப்படியானாலும் கிழவியம்மா ஒரு விரலால் தட்டைத் தள்ளிவிடுவார். மணி பதினொன்று. என்னிடம் நாக்கு ஒன்று இருக்கத்தானே செய்கிறது? கரண்டியில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். முருகன் சந்நிதியும் செண்பகத்தின் கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பக்கத்து அறையில் அந்த அம்மா முனகுவதும் காதில் விழுந்தது. உள்ளங்கை வாய்ப் பக்கம் பாதி உயர்ந்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

"என்ன அப்பிடி முழிக்கிய?"

பின்வாசலில் செண்பகம். எனக்கு மத்தியானச் சோற்றுத் தூக்கோடு வந்திருந்தாள். தலையில் சாரல் துளி. வழக்கமாகத் தூக்கைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், உள்ளே வர மாட்டாள். என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.  தூக்கைக் கீழே வைத்தாள், உள்ளே வந்தாள்.

"அந்த அம்மாவுக்கு மாமியா இன்னைக்குத்தானே திங்கப் போறா?"

"ஆமா."

"நீங்க யாருக்குச் சத்தியம் பண்ணுனிய?"

"உனக்கு."

"நான் யாருக்கும் பண்ணலல்லா?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.  "ஏட்டி, வேண்டாம்" என்றேன். "நேரமாவுது, விடுங்க" என்றாள். அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இன்னொரு சொட்டு விடுங்க. சரியாப் பிடிபடல."

விட்டேன். இந்தத் தடவை இன்னும் நிதானமாகப் பார்த்தாள்.

"உப்பு விழுந்திருக்கு. அந்த அம்மா போட்டிருக்கு. ஒரு கல்லு கூடுதலாவே இருக்கு. இனிமே ஒண்ணும் போடாதிய. அந்த நாடாவ அவிக்கிய தண்ணில உப்புப் போடாம அவிச்சு எடுங்க, ரெண்டும் சேந்தா சரியாப் போயிரும்."

நாடா அவிக்கும் தண்ணீரில் கை நிறைய உப்புப் போடுவது லூசியா அம்மாவின் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. செண்பகத்துக்கு ஒரு நொடியில் தோன்றியது. தூக்கைப் படியில் எடுத்து வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அருவிப் பக்கம் நடந்தாள்.

ஒரு மணிக்கு மேஜை. லூசியா அம்மா கம்பளியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. உதடு வெளுத்திருந்தது. நான் நாடாவை வட்டமாகச் சுற்றி வைத்து, மேலே கறிச்சாந்தைப் போட்டு, கிழவியம்மா முன்னால் வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கிழவியம்மா ஒரு விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.  வாசனை போயிருக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டு முள்கரண்டியை எடுத்தார். ஒரு வாய். மகனைப் பார்த்தார். இன்னொரு வாய். அதற்குப் பிறகு யாரையும் பார்க்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்ததை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டார். அவர்கள் ஊர்ப் பெரிய மனுஷர் அப்படிச் செய்யக் கூடாதாம், துரை அப்புறம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிறகு தட்டை அதே ஒரு விரலால் தள்ளினார். இந்தத் தடவை மருமகள் பக்கமாக, இன்னும் வேண்டும் என்று.

லூசியா அம்மா எழுந்து தானே பரிமாறியது. அப்புறம் சமையலறைக்குள் வந்து ஞானம்மாள் ஆச்சியின் தோளில் சாய்ந்து அழுதது. பட்லர் கொழும்பிலேயே இருந்துகொண்டார். எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் சாயந்தரம் ஞானம்மாள் ஆச்சி ஒரு சேதி சொன்னாள். அருவிக்குப் போயிருந்தாளாம். "ஒன் வீட்டுக்காரி அருவில நின்னு குளிச்சிட்டு, சேலயப் பிழிஞ்சுக்கிட்டுப் பாதி தூரம் வந்தா. அங்கனயே நின்னு யோசிச்சா. திரும்பவும் போயி முழுகுனா தம்பி. ரெண்டு முழுக்கு. என்ன தோசமோ."

எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். ஒரு முழுக்கு தான் தொட்டதற்கு. இன்னொன்று தொட வைத்த எனக்காக. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சாரல்ல நனஞ்ச ஒடம்பு, எத்தன முழுக்குப் போட்டா என்ன? சாப்பிட வாங்க" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் பிழைப்புக்காக அவளுடைய ஆசாரத்தைக் கெடுத்தேனே என்ற உறுத்தல் மட்டும் உள்ளே உட்கார்ந்துவிட்டது. யுத்தம் முடிந்து துரையும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள். உமி அடுப்பைப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனது அந்த அம்மா. நான் தென்காசியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சேர்ந்து ஓய்வு பெற்றேன். உறுத்தல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

இவ்வளவையும் அந்த இரண்டு பேருக்கும் சொல்லி முடித்தபோது செண்பகம் மோர் கொண்டுவந்து வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து, ஆட்கள் முன்னால் கேட்டால் மழுப்ப மாட்டாள் என்ற துணிச்சலில் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கு ரெண்டாவது முழுக்கு எனக்காகத்தானே போட்ட?"

"ஒங்களுக்கா? நீங்க என்ன பண்ணுனிய?" என்றாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். எழுபதை நெருங்குகிறவளுக்கு முகம் சிவந்தது.

"மொதச் சொட்டு அந்த அம்மாவுக்காகப் பாத்தேன். உப்பு அதுலயே தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது சொட்டு, நல்லா இருந்துதுன்னுல்லா கேட்டு வாங்குனேன்!"